பனி பொழியும் இமயமலைக் கோயிலில், ஆடம்பரமில்லாமல் பக்தியோடு ஒரு திருமணத்தை நடத்த முடியுமா?

முடியும். என் தங்கையின் திருமணத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், வசந்த பஞ்சமியன்று, உத்தராகண்டின் ருத்ரபிரயாக் மாவட்டத்திலுள்ள திரியுகி நாராயணர் கோயிலில் 21 பேர் முன்னிலையில் நடத்தினோம். வயதானவர்களை அழைத்துச் செல்லலாமா, நம் ஊர்ச் சடங்குகளை அங்கே செய்ய விடுவார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு நேர்ந்ததை வைத்துச் சொல்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெண்பனியைப் பார்க்கப் போவதாக இருந்தால் அந்த ஊர் வேண்டாம். அங்கே எரிந்துகொண்டிருக்கும் நெருப்பை நாடிப் போவதாக இருந்தால் தயங்காமல் போங்கள்.

அந்த நெருப்புதான் அத்தலத்தின் உயிர். பார்வதி கௌரிகுண்டத்தில் தவமிருந்தாள் என்றும், குப்தகாசியில் சிவபெருமான் அவளை மணக்க விருப்பம் தெரிவித்தார் என்றும், திருமணம் இவ்வூரில் நடந்தது என்றும் அப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பிரமன் புரோகிதராக அமர்ந்து வேள்வி வளர்த்தாராம். நாராயணர் பெண்ணுக்கு அண்ணனாக நின்றாராம். அன்று மூட்டிய தீ மூன்று யுகங்களாக அணையாமல் எரிகிறது என்ற நம்பிக்கையே ஊரின் பெயரில் இருக்கிறது. கேதார்நாத் கோயிலைப் போன்ற சாயலில் அமைந்த கற்கோயில் அது. உள்ளே வெள்ளியாலான நாராயணர் திருமேனி. அதன் எதிரே அகண்ட துனி என்னும் அந்த அக்கினி குண்டம். வெளியே திருமணம் நடந்த இடமென்று வணங்கப்படும் பிரம்ம சிலை, அதாவது ஒரு கல். வருகிறவர்கள் ஆளுக்கொரு விறகுத் துண்டைத் தீயில் இட்டு, சாம்பலைத் திருநீறாக எடுத்துச் செல்கிறார்கள். சிவனுடைய திருமணம் நடந்த தலம் ஏன் நாராயணர் கோயிலாக இருக்கிறது என்று பலர் வியக்கிறார்கள். எனக்கு அது இயல்பாகவே பட்டது. கல்யாணம் பெண் வீட்டில்தானே நடக்கும்? அது பெண்ணின் அண்ணன் வீடு.

நாங்கள் அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்தவர்கள். ஆண்டுதோறும் சித்திரை விசுவன்று அப்பா எங்களைப் பாபநாசம் கோயிலுக்கு அழைத்துச் செல்வார். கயிலையில் திருமணம் நடந்தபோது உலகமே வடக்கே திரண்டதால் பூமி சாய்ந்தது என்றும், அதைச் சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள் என்றும், கல்யாணத்தைக் காண முடியாமல் போன அவருக்கு இறைவன் மணக்கோலத்தைப் பாபநாசத்தில் காட்டியருளினார் என்றும் ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் நின்று அதே கதையைச் சொல்வார். "அகத்தியர் பார்க்காத இடத்தை நாம ஒரு நாள் போய்ப் பார்த்திருவோம்" என்பதும் அவர் வழக்கமாகச் சொன்னதுதான். பார்க்காமலே அவர் காலமாகிவிட்டார். தங்கைக்கு வரன் அமைந்தபோது, மண்டபமும் ஆயிரம் பேர் விருந்தும் வேண்டாம், அப்பா சொன்ன இடத்தில் திருப்பூட்டு நடக்கட்டும் என்று அவளேதான் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் மறுப்பார்களோ என்று அஞ்சினோம். மாப்பிள்ளையின் தாயார் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதம் சொன்னார்.

நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். சூரியன் தனுர் ராசியில் இருக்கும் நம் மார்கழியை அவர்கள் கர்மாஸ் என்று ஒதுக்கி வைக்கிறார்கள். அந்த மாதத்தில் அங்கும் திருமணம் செய்வதில்லை. ஆகவே டிசம்பர் நடுப்பகுதி முதல் பொங்கல் வரை முகூர்த்தம் கேட்டுப் பயனில்லை. தை பிறந்த பிறகுதான் பனிப்பொழிவும் முகூர்த்தமும் ஒன்றுகூடி வரும். கேதார்நாத் கோயில் தீபாவளியையொட்டி நடைசாத்தப்பட்டு, சுவாமி ஊகிமட்டத்து ஓங்காரேசுவரர் கோயிலுக்கு எழுந்தருளிவிடுவதால் அந்தச் சாலையில் யாத்திரைக் கூட்டமே இருக்காது. விடுதிகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும். திரியுகி நாராயணர் கோயில் மட்டும் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். உயரத்தை நினைத்து முதியவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஊர் சுமார் 1,980 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. நம் உதகமண்டலம் அதைவிட உயரம். மூச்சுத் திணறல் எங்களில் எவருக்கும் வரவில்லை. குளிர் வேறு கதை. நமக்குப் பனி என்றால் விடியற்காலையில் புல்மேல் நிற்கும் ஈரம். அங்கே இரவில் குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கிறது.

ரிஷிகேசத்திலிருந்து ஒரு பகலில் போய்ச் சேரலாம் என்று கணக்கிட்டவர்கள், குளிர்காலத்தில் அதை இரண்டு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். தேவப்பிரயாகையில் இறங்கி, பெரியாழ்வார் "கண்டமென்னும் கடிநகர்" என்று பாடிய கோயிலில் வணங்கினோம். ருத்ரபிரயாகைக்கு மேலே மந்தாகினிக் கரையில் அகஸ்தியமுனி என்றே ஓர் ஊர் இருப்பதை வழிப்பலகையில் பார்த்ததும் வண்டியில் ஒருவரும் பேசவில்லை. அம்மா மட்டும் கண்ணை மூடிக் கைகுவித்தார். அன்றிரவு குப்தகாசியில் தங்கினோம். விடிந்தபோது மேலே நன்றாகப் பனி விழுந்திருந்தது. சக்கரங்களுக்குச் சங்கிலி இருக்கிறது என்று உறுதி சொல்லியிருந்த வண்டிக்காரரிடம் சங்கிலி இல்லை. சோன்பிரயாகையிலிருந்து ஏறும் 12 கிலோமீட்டர் மலைச்சாலையில் கடைசி மூன்று கிலோமீட்டருக்கு முன்பே வண்டிகள் வழுக்கி நின்றுவிட்டன. பெரியம்மா கையில் பனியை அள்ளிப் பார்த்து, "தேங்காய்ப்பூ மாதிரியே இருக்கு" என்றார். எங்களுக்கு அடுத்த அடி எப்படி வைப்பது என்றே தெரியவில்லை. செய்தி எட்டியதும் ஊரிலிருந்து எட்டு இளைஞர்கள் மண்வெட்டிகளோடும் ஒரு டோலியோடும் இறங்கி வந்தார்கள். மூட்டு வலி உள்ள 68 வயது அம்மாவை டோலியில் ஏற்றிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் வழி வெட்டிக்கொண்டே சென்றார்கள். மணப்பெண் கணுக்காலளவு பனியில் நடந்து தன் கல்யாணத்துக்குப் போனாள். கூலி பேசவே அவர்கள் விடவில்லை. இந்தக் கோயிலுக்குக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ஊருக்கு விருந்தினர் என்றார் அவர்களில் ஒருவர்.

பூக்கள் வந்து சேரவில்லை. மாலைகளோடு கிளம்பிய வண்டி கீழேயே நின்றுவிட்டது. மதுரையிலிருந்து கொண்டுவந்த மல்லிகை குளிரில் கருகிப் போயிருந்தது. தீர்த்த புரோகிதரின் மனைவியிடம் சைகையால் இதைச் சொன்னதும் அவர் தன் வாசலைக் காட்டினார். வசந்த பஞ்சமியன்று கர்வால் வீடுகளில் வாற்கோதுமைப் பயிரின் இளந்தாள்களைப் பசுஞ்சாணத்தில் பதித்து வாசல் நிலையில் ஒட்டி வைக்கிறார்கள். அதற்காக வீட்டில் பச்சைத் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அந்தத் தாள்களை மஞ்சள் நூலில் தொடுத்து இரண்டு மாலைகள் கட்டிக்கொடுத்தார். ஊர் முழுவதும் வெள்ளையாகக் கிடந்த அன்று, எங்கள் கண்ணுக்குப் பட்ட ஒரே பச்சை மணமக்களின் கழுத்தில் இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின இரவு அதே வீட்டு அடுக்களையில் அர்சா என்னும் பலகாரம் சுட்டார்கள். கர்வால் கல்யாணங்களில் அது இல்லாமல் முடியாது. ஊறவைத்த அரிசியை உரலில் இடித்து, வெல்லப்பாகில் கிளறி, தட்டி, எண்ணெயில் பொரிக்கிறார்கள். பெரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பாகு கொதித்ததும் அந்த அம்மாள் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்த கணத்தில், பெரியம்மா எழுந்து போய்த் தானும் ஒரு சொட்டை உருட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று தலையசைத்தார். அதிரசம்தான் அது, கடுகெண்ணெய் வாசம் மட்டுமே வேறு. இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. நள்ளிரவு வரை சேர்ந்தே சுட்டார்கள்.

இனிச் சடங்குகள். வேள்வியை அங்குள்ள புரோகிதர் நடத்தினார். நம் வழக்கங்கள் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, எதையும் தடுக்காமல் இடம் கொடுத்தார். கோயில் முற்றத்தில் பனியை ஒதுக்கிப் பலகை போட்டு மணையமைத்தோம். உள்ளே இருந்த துனியிலிருந்து கங்கு எடுத்துவந்து ஓமம் மூட்டினார். அப்பாவின் இடத்தில் நான் தாரை வார்க்க வேண்டியிருந்தது. கெண்டியைக் கையில் எடுத்தபோது நீரின் மேல் கண்ணாடித்தாள் போல மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தது. விரலால் அதை உடைத்த பிறகே நீர் இறங்கியது. என் கை நடுங்குவதைப் பார்த்த புரோகிதர், "இங்கே அண்ணனாக நின்றவர் நாராயணர். இன்று அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், நிதானமாகச் செய்யுங்கள்" என்று இந்தியில் சொன்னார். நான் அழுததை மறைக்கவில்லை.

மஞ்சள் கயிறு குளிரில் விறைத்து முடிச்சு விழாமல் போய்விடக் கூடாதே என்று அம்மா அதை இரவு முழுவதும் தம் இடுப்பு மடிப்பில் வைத்திருந்தார். மாப்பிள்ளையின் விரல்களோ மரத்துப்போயிருந்தன. திருப்பூட்டுக்கு முன் புரோகிதர் அவர் கைகளைப் பிடித்து ஓமத் தீயின் மேல் காட்டச் சொன்னார். ஒரு நிமிடம்போல எல்லோரும் காத்திருந்தோம். இரண்டு முடிச்சை அவர் போட, மூன்றாவதை அவருடைய தங்கை கம்பளிக் கையுறையைக் கழற்றிவிட்டுப் போட்டாள். நாதசுரம் இல்லை, அவ்வூர்க்காரர்கள் டோலும் தமாவும் முழக்கினார்கள். முழக்கம் அடங்கியதும் பெரியப்பா சம்பந்தரின் திருக்கேதாரப் பதிகத்தைப் பாடினார். சம்பந்தர் கேதாரத்துக்கு நேரில் போகாமல் திருக்காளத்தியிலிருந்தே அத்தலத்தைப் பாடினார் என்பது மரபு. அதைக் கேதாரத்தின் அடிவாரத்திலேயே நின்று பாடுகிறோம் என்ற நினைப்பில் பெரியப்பாவின் குரல் இரண்டு இடத்தில் தழுதழுத்தது. அம்மி மிதிக்க அவ்வீட்டு அரைகல்லையே கொடுத்தார்கள். கல்லைச் சுடுநீர் ஊற்றித் துடைத்த பிறகு தங்கை காலை வைத்தாள். பொரியிடும்போது அவள் கைகளை என் கைகளால் தாங்கிக்கொண்டேன். கடைசியாக 21 பேரும் வரிசையாக உள்ளே போய் ஆளுக்கொரு விறகைத் துனியில் இட்டோம். அம்மா இரண்டு துண்டு இட்டார். இரண்டாவது யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை.

நடைமுறையில் எனக்குத் தோன்றுபவை சில. முப்பது பேருக்கு மேல் அழைத்துப் போகாதீர்கள். சாலை அடைபட்டால் அந்தச் சிற்றூர் அதற்குமேல் தாங்காது. கோயிலைச் சேர்ந்த புரோகிதரிடம் முன்பே பேசி, மணமக்களின் வயதுச் சான்றையும் அடையாள அட்டைகளையும் அனுப்பிவிடுங்கள். பட்டுக்குள் உடலோடு ஒட்டிய கம்பளி உள்ளாடை கட்டாயம். கோயிலுக்குள் காலணி ஆகாது என்பதால் கனமான கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வேண்டும். திருமாங்கல்யம், கூறைப்புடவை, பூசைப்பொருள் இவற்றைத் தனி வண்டியில் விடாமல் உடன் வருகிறவர்கள் கையிலேயே வைத்திருங்கள். முகூர்த்தத்துக்கு முன் ஒரு நாளும் பின் ஒரு நாளும் கையிருப்பாக இருக்கட்டும். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கொள்ளுப்பருப்பை அவர்கள் கஹத் என்கிறார்கள்; குளிருக்கு அதைவிட இதமான உணவு இல்லை. மறுநாள், ஊரிலிருந்து சுமந்துபோன தேங்காய்களைத் திருகி, மறுவீட்டுச் சொதியையும் அங்கேயே வைத்தோம். புரோகிதர் வீட்டுக் குழந்தைகள் அதை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கல்யாணத்தன்று மாலையே மேகம் கலைந்துவிட்டிருந்தது. பஞ்சமி நிலவு மலைக்குப் பின்னால் மறைந்த பிறகு, இரவு பதினொரு மணியளவில் புரோகிதர் கதவைத் தட்டி எல்லோரையும் வெளியே அழைத்தார். வடகிழக்கே மலைமுகட்டுக்கு மேலே ஏழு முனிவர்கள் விண்மீன்களாக ஏறி வந்திருந்தார்கள். ஆறாவதான வசிட்டரைக் காட்டி, பக்கத்தில் உற்றுப் பாருங்கள் என்றார். மணமக்கள் பார்த்துவிட்டார்கள். அம்மாவுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவருடைய கல்யாணத்தில் நண்பகலில் மண்டபத்து முகட்டைக் காட்டி அருந்ததி என்றார்களாம், அவரும் கும்பிட்டாராம். இப்போது போர்வையை விலக்கிக்கொண்டு, தங்கையின் தோளைப் பிடித்தபடி வெகுநேரம் அண்ணாந்து நின்றிருந்தவர், "ஆமா, ரெண்டு இருக்கு" என்றார்.