ஏரி நீரில் பாசி: குளோரின் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் ஊருக்கு ஏரியிலிருந்து குடிநீர் வருகிறது. கோடையில் ஏரி பச்சைப் பசேலென்று ஆகிவிடுகிறது. குழாய்த் தண்ணீரிலும் மண் வாடை அடிக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரினைக் கூடுதலாகக் கலந்து பாசியைக் கொன்றுவிட்டால் போதாதா? கொதிக்க வைத்துக் குடித்தால் ஆபத்து நீங்குமா?

பதில்: பாசியைக் கொல்வதைவிட, அதன் செல்கள் உடையாதபடி முழுதாக வெளியே எடுப்பதுதான் முக்கியம். நீலப்பச்சைப் பாசிகளில் சில, மைக்ரோசிஸ்டின் என்ற ஈரலைத் தாக்கும் நச்சைத் தம் செல்லுக்குள் வைத்திருக்கின்றன. தொடக்கத்திலேயே குளோரினைக் கலந்தாலோ ஏரியில் மயில்துத்தத்தைத் தெளித்தாலோ, செல்கள் உடைந்து, அதுவரை உள்ளே இருந்த நச்சு தண்ணீரில் கரைந்துவிடும். கரைந்த நச்சை மணல் வடிகட்டி பிடித்து நிறுத்தாது.

ஆகவே முதலில் படிகாரம் கலந்து பாசியைத் திரளச் செய்கிறார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வெயிலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் நீரின் பி.எச். அளவு (அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் காட்டும் எண்) 9-ஐயும் தாண்டக்கூடும்; படிகாரமோ 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட நிலையில்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் காலையில் சரியாக இருந்த படிகார அளவு பிற்பகலில் போதாமல் போகலாம். நீலப்பச்சைப் பாசியின் செல்களில் நுண்ணிய காற்றறைகள் இருப்பதால், திரண்ட பிறகும் அது அடியில் படியாமல் மிதக்கப் பார்க்கும். அந்த இயல்பையே பயன்படுத்தி, அழுத்தத்தில் காற்றைக் கரைத்த நீரைத் தொட்டியின் அடியில் திறந்துவிட்டு, எழும் நுண்குமிழிகளால் திரளை மேலே கொணர்ந்து ஏடுபோல வழித்தெடுக்கும் முறை பல நாடுகளில் உள்ளது. பாசி மிகும் ஏரிகளுக்கு இதுவே சிறந்தது என்பது என் கருத்து. அதன் பின் மணல் வடிகட்டி, கடைசியில் குளோரின். கரைந்துவிட்ட நச்சுக்கு, அதைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் கிளர்வூட்டிய கரித்தூள் உதவும்.

நீங்கள் சொல்லும் மண் வாடைக்குப் பெரும்பாலும் ஜியோஸ்மின் என்ற பொருளே காரணம். லிட்டருக்கு 10 நானோகிராம் அளவிலேயே மூக்கு அதை உணர்ந்துவிடும். அதனால் உடலுக்குக் கேடில்லை. ஆனால் வாடை இல்லை என்பதற்காக நச்சும் இல்லை என்று கொள்ளக் கூடாது.

கொதிக்க வைப்பது இந்த நச்சை அழிக்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரியிலிருந்து வந்த குடிநீரில் மைக்ரோசிஸ்டின் கண்டறியப்பட்டபோது, சுமார் 4 லட்சம் பேரிடம் ‘குடிக்க வேண்டாம், கொதிக்க வைக்கவும் வேண்டாம்’ என்றே அறிவித்தார்கள். நீண்ட காலம் பருகும் நீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் (இந்த நச்சின் ஒரு வகை) லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஏரியில் பச்சை ஏடு படர்ந்திருக்கும் வாரங்களில் குடிநீரில் இந்த நச்சு உள்ளதா என்ற சோதனை செய்யப்படுகிறதா என்று உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.