அளவெடுத்துச் செய்த பாதி மூட்டுக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 56, எடை 74 கிலோ. நான்கு வருடமாக வலது முழங்காலின் உட்பக்கம் மட்டும் வலி. மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாகிவிட்டது. தேய்ந்த உட்பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் டாக்டர். வெளிநாட்டில் நம் மூட்டுக்கென்றே அளவெடுத்து இம்ப்ளான்ட் செய்கிறார்களாமே, அதற்காகக் காத்திருக்கலாமா? ஆபரேஷனுக்குப் பிறகு தரையில் உட்கார முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. அளவெடுத்துச் செய்வதில் நிஜமான நன்மை இருக்கிறது. ஆனால் உங்கள் மூட்டு எத்தனை வருடம் உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் வேறு விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன.

படி இறங்கும்போது முழங்காலில் விழும் பாரம் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல். உங்கள் எடைக்கு 220 கிலோவைத் தாண்டும். அதில் பாதிக்கு மேல் உட்பக்கம் வழியாகத்தான் இறங்குகிறது. அங்கே குருத்தெலும்பு தேய்ந்ததும் கால் வில் போல வளைகிறது. வளைந்த காலில் பாரம் இன்னும் உட்பக்கமே சாய, தேய்மானம் வேகமாகிறது.

பாதி மாற்றில், தேய்ந்த பக்கத்தில் மட்டும் தொடை எலும்பின் முனைக்கு ஓர் உலோக மூடியும், கீழ்க்கால் எலும்பின் மேல் ஒரு தட்டும், நடுவே பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக் துண்டும் வைக்கிறோம். ஏசிஎல் என்கிற முன்பக்கக் குறுக்கு ஜவ்வைத் தொடுவதில்லை. முழு மூட்டு மாற்றில் பெரும்பாலும் அதை எடுத்துவிடுகிறோம். அந்த ஜவ்வு இருப்பதால்தான் மடக்கும்போது தொடை எலும்பு பழையபடி உருண்டு பின்னால் போகிறது; 'என் கால் மாதிரியே இருக்கிறது' என்று பாதி மாற்றியவர்கள் சொல்வதும் இதனால்தான்.

சரி, அளவெடுத்துச் செய்வது எங்கே உதவுகிறது? முக்கியமாகக் கீழ்த்தட்டில். வெட்டிய கீழ்க்கால் எலும்பை மேலிருந்து பார்த்தால் ஓரத்தைச் சுற்றிக் கெட்டி எலும்பு, நடுவில் பஞ்சு எலும்பு. தட்டு அந்தக் கெட்டி ஓரத்தில் அமர வேண்டும். சிறியதாக இருந்தால் பஞ்சு எலும்புக்குள் மெல்ல அமிழும். பெரியதாக இருந்து உட்பக்கம் 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டால், பக்கவாட்டு ஜவ்வில் உரசி வலிக்கும். நம் பெண்களின் மூட்டு சிறியது. மேற்கத்திய அளவுகளை மனதில் வைத்துச் செய்த தட்டு சில நேரம் கச்சிதமாகப் பொருந்துவதில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்து, கணினியில் எலும்பை உருவாக்கி, அந்த ஓரத்துக்கே தட்டைச் செய்யும்போது இந்தச் சிக்கல் குறைகிறது. அமெரிக்காவின் கன்ஃபார்மிஸ் நிறுவனம் இப்படித்தான் செய்து வந்தது. வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு இது இன்னும் பொருத்தம் என்பது என் கருத்து. அந்தப் பக்கத்தின் வடிவமே வேறு. ஆயத்த இம்ப்ளான்ட்களோ பெரும்பாலும் உட்பக்கத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை.

ஆனால் ஸ்கேன் காட்டாத ஒன்று இருக்கிறது. சாதாரண சி.டி.யில் எலும்பு தெளிவாகத் தெரியும், குருத்தெலும்பு தெரியாது. அதனால் வெட்டும் இடத்தைக் காட்டும் அச்சு உட்கார வேண்டிய இடத்தில், மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். ஒரு ஓரத்தில் 1 மி.மீ. மிஞ்சினாலும் அச்சு சாயும், வெட்டும் சாயும். எவ்வளவு துல்லியமாகச் செய்து வந்த இம்ப்ளான்ட்டும் அப்புறம் அந்தச் சாய்வில்தான் அமரும்.

அதைவிட முக்கியம் ஜவ்வின் இழுவை. காலை நீட்டியும் மடக்கியும், இரண்டு எலும்புக்கும் நடுவே மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்ப்போம். இரண்டு நிலையிலும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். 'வளைந்த காலை முழுக்க நிமிர்த்திவிடலாம்' என்று தடிமனான பிளாஸ்டிக்கைத் திணித்தால் பாரம் வெளிப்பக்கம் தாவும். நன்றாக இருக்கும் குருத்தெலும்பும் தேயத் தொடங்கும். எனவே லேசான வளைவை வேண்டுமென்றே விட்டுவைக்கிறோம். இந்தக் கணக்கை அந்த நேரத்தில் சர்ஜனின் கைதான் போடுகிறது.

பிரிட்டனில் 528 பேரிடம் நடந்து 2019-இல் வெளிவந்த டாப்கேட் ஆய்வில், ஐந்து வருடம் கழித்தும் பாதி மாற்றியவர்கள் முழுதாக மாற்றியவர்களுக்கு இணையாக இருந்தார்கள். அளவெடுத்துச் செய்த பாதி மூட்டு நீண்ட காலத்தில் ஆயத்த மூட்டைவிட அதிகம் உழைக்கும் என்பதற்கு இன்னும் உறுதியான சான்று இல்லை. ஒன்றை மறைக்கக் கூடாது: பாதி மாற்றில் மறு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு முழு மாற்றைவிட அதிகம். எப்போதாவது மட்டும் இதைச் செய்கிற சர்ஜன்களிடம் அது இன்னும் கூடுகிறது.

ஆகவே உங்கள் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள். ஏசிஎல் உறுதியாக இருக்கிறதா? நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் வெளிப்பக்க இடைவெளி முழுதாக இருக்கிறதா? காலைக் கையால் தள்ளினால் வளைவு நேராகிறதா? வருடத்துக்கு எத்தனை பாதி மாற்று செய்கிறார்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். உங்களுக்கு முடக்குவாதம் இருந்தால் இந்த ஆபரேஷனே பொருந்தாது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தரையில் உட்காருவது பற்றி: பாதி மாற்றில் முழங்கால் நன்றாக மடங்கும், பலரால் சம்மணம் போட முடிகிறது. பூஜைக்கோ விசேஷத்துக்கோ கொஞ்ச நேரம் உட்காரலாம். வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறைதான் என்றால், ஆபரேஷனுக்கு முன்பே அதை வெஸ்டர்னாக மாற்றிவிடுங்கள்.