ஹனோயில் முதல் நாள்

கேள்வி: முதுகுப்பையோடு தனியாக வியட்நாம் தலைநகர் ஹனோய்க்குச் செல்லவிருக்கிறேன். நெரிசலைக் கண்டு முதல் நாளே மிரண்டுவிடுவேனோ என்று அச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகி, மதுரை)

பதில்: மிரட்சி ஏற்படத்தான் செய்யும், மதுரைக்காரர் என்பதால் சற்றுக் குறைவாக இருக்கலாம். பழைய நகரப் பகுதியில் நடைபாதை என்பது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடமாகவோ, தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகள் போட்ட உணவுக்கடையாகவோ இருப்பதால், சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கும். வண்டிகள் ஓயட்டும் என்று காத்திருந்தால் சாலையைக் கடக்கவே முடியாது. ஓடாமல், பின்வாங்காமல், ஒரே சீரான வேகத்தில் மெதுவாக நடந்தால், உங்கள் அடுத்த அடி எங்கே விழும் என்பதைக் கணித்து மோட்டார் சைக்கிள்காரர்கள் விலகிச் செல்வார்கள். கார்களும் பேருந்துகளும் அப்படி விலகா என்பதால் அவற்றுக்கு வழிவிட்டு நில்லுங்கள்.

வந்து இறங்கிய அன்றே எல்லாவற்றையும் பார்த்துவிட முனைய வேண்டாம். தகரத்தைத் தட்டிப் பாத்திரங்கள் செய்யும் பட்டறைகள் இன்றும் இருக்கும் ஹாங் தியெக் தெரு ஒன்றை நிதானமாகப் பார்த்தாலே அந்த ஊரின் போக்கு ஓரளவு பிடிபடும். வார இறுதி மாலைகளில் ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில் வாகனங்களை அனுமதிப்பதில்லை. வெள்ளிக்கிழமை போய்ச் சேருவது நல்லது என்பேன்.

பணத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் நீல நிறமே. களைப்பில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிடாதபடி இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.