நடுநிலை வகுப்புக்கு முந்தைய ஆண்டில் எதைத் தொடங்குவது, எதை நிறுத்துவது

உயர்கல்வி, வேலைவாய்ப்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வருபவர்களில் பத்து வயதுப் பிள்ளைகளின் பெற்றோரும் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு பிள்ளை நடுநிலை வகுப்புக்குப் போகப்போகிறது, ஆகவே போட்டித் தேர்வுக்கான முன்பயிற்சியில் இப்போதே சேர்த்துவிடலாமா, அல்லது அடுத்த வகுப்புப் பாடங்களை விடுமுறையிலேயே முடித்துவிடலாமா என்பதுதான் பெரும்பாலும் அவர்களுடைய கேள்வி. இரண்டுமே வேண்டாம் என்று சொன்னால், வேலைவாய்ப்பு ஆலோசகர் இப்படிச் சொல்லலாமா என்பதுபோல் பார்க்கிறார்கள். அதனால் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தொழில் பற்றிய கேள்வியை முடித்துவிடலாம். தொழில் வளர்ச்சி குறித்து 1950களிலேயே விரிவாக எழுதிய உளவியலாளர் டொனால்ட் சூப்பர், ஏறத்தாழ 14 வயது வரையிலான காலத்தை ‘வளர்ச்சிக் கட்டம்’ என்று வகுத்தார். அதற்குள்ளும் பத்து வயது வரை கற்பனையும், 11, 12 வயதில் விருப்பமும், 13, 14 வயதில் தன் திறன் பற்றிய கணிப்பும் முன்னுக்கு வருவதாகப் பிரித்தார். உங்கள் பிள்ளை இன்று விண்வெளி வீரர் என்றும் நாளை கால்பந்து வீரர் என்றும் சொல்வது அந்த வயதுக்கு உரிய பேச்சு. அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், குறித்துவைத்துக்கொள்ள வேண்டாம்.

நடுநிலை வகுப்பில் உண்மையில் மாறுவது என்னவென்று பாருங்கள். தொடக்க வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியர் நாள் முழுவதும் பிள்ளையோடு இருக்கிறார். யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள், யார் நேற்று அழுதார்கள் என்பது வரை அவருக்குத் தெரியும். வீட்டுப்பாடம் அதிகமாகிவிட்டால் அவரே குறைத்துக்கொள்வார். அடுத்த ஆண்டு பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். கணக்கு ஆசிரியர் என்ன கொடுத்திருக்கிறார் என்பது அறிவியல் ஆசிரியருக்குத் தெரியாது. ஒரே நாளில் இரண்டு சிறுதேர்வுகளும் ஓர் ஒப்படைப்பும் வந்து சேரும். எதை முதலில் செய்வது, எதை எங்கே எழுதிவைப்பது, எந்தப் புத்தகத்தை என்று எடுத்துப் போவது என்று இதுவரை வகுப்பாசிரியரும் வீட்டில் நீங்களும் பார்த்துக்கொண்ட நிர்வாக வேலை மொத்தமும் பிள்ளையின் தலையில் இறங்குகிறது. பாடம் கடினமானதால் தடுமாறும் பிள்ளைகளைவிட, இந்த நிர்வாகம் தெரியாமல் தடுமாறும் பிள்ளைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை என் அறையில் ஒரு சிறுவனிடம், “நாளைக்கு முதல் பாடவேளை என்ன?” என்று கேட்டேன். அவன் தன் தாயின் முகத்தைப் பார்த்தான். அவர் கைப்பேசியை எடுத்து, திரையைத் தள்ளிப் பார்த்து, “கணக்கு சார், அப்புறம் தமிழ்” என்றார். நல்ல மதிப்பெண் வாங்கும், கெட்டிக்காரச் சிறுவன் அவன். ஆனால் அவனுடைய கால அட்டவணை அவன் அம்மாவின் கைப்பேசியில் இருந்தது. இந்த ஆண்டுக்குரிய வேலை அதை அங்கிருந்து எடுத்து அவன் கைக்கு மாற்றுவதுதான். மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

இதை ஒரே நாளில் செய்துவிட முடியாது. திடீரென்று கைவிட்டால் பிள்ளை மிரண்டுபோகும். முதல் பருவத்தில் கால அட்டவணையைப் பிள்ளையே தன் கையால் எழுதி, படிக்கும் இடத்தில் ஒட்டட்டும். இரவில் பை அடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் கை வைக்கக் கூடாது. இரண்டாம் பருவத்தில் பக்கத்தில் இருப்பதையும் விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மாலை என்று வைத்துக்கொண்டு, வரும் வாரத்தில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஒருநாள் கணக்கு நோட்டை மறந்துவிட்டுப் போவான். அதைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓடாதீர்கள். மறதியின் விலை ஒரு திட்டோடு முடியும் வயது இது.

இங்கே பெற்றோரின் வாட்ஸ்ஆப் குழுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு, “இன்று அறிவியலில் என்ன வீட்டுப்பாடம்?” என்று ஒரு தாய் கேட்பதும், இன்னொரு தாய் உடனே படம் எடுத்து அனுப்புவதும் நல்ல நட்பாக இருக்கலாம். ஆனால் அந்தப் படம் வந்துசேரும் வரைக்கும் பிள்ளைக்கு வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. எழுதாமல் வந்துவிட்டால் பிள்ளையே நண்பனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கட்டும். இரண்டு முறை கூச்சப்பட்டுக் கேட்டால் மூன்றாம் நாள் நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுவான். (அடிக்கடி எழுதாமல் வருகிறான், அல்லது பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தே எழுதுகிறான் என்றால் கண்டிப்பதற்கு முன் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். கிட்டப்பார்வை பள்ளி வயதில்தான் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. பிள்ளைகள் தாமாக அதைச் சொல்வதில்லை.)

பாடங்களில் அடுத்த ஆண்டை முன்கூட்டியே படிப்பதைவிட, இந்த ஆண்டு உறுதியாக நிற்க வேண்டியவை இரண்டு. ஒன்று பின்னம். ராபர்ட் சீக்லரும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 2012இல் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் தரவுகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், தொடக்கப் பள்ளியின் இறுதிக் காலத்தில் பின்னத்திலும் வகுத்தலிலும் பிள்ளைக்கு இருக்கும் தெளிவு, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து இயற்கணிதத்தில் அது எப்படிச் செய்யும் என்பதை முன்கூட்டியே காட்டுவதாகக் கண்டார்கள். குடும்ப வருமானம், பெற்றோரின் கல்வி, பொது அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு நின்றது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாளில் 1/2 + 1/3 என்று எழுதிக் கொடுங்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதினால் உடனே திருத்தாதீர்கள். “2/5 என்பது பாதியைவிடப் பெரியதா, சிறியதா?” என்று மட்டும் கேளுங்கள். சிறியது என்று கண்டுகொண்டு, பாதியோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு எப்படிப் பாதிக்கும் குறைவாக வந்தது என்று பிள்ளை தானே திகைத்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. வழிமுறையைத்தான் மறந்திருக்கிறது, பொருள் தெரிகிறது. திகைப்பே வராமல் உங்கள் முகத்தைப் பார்த்தால், ஒரு கோட்டை வரைந்து அதில் 0, 1/2, 1 ஆகியவற்றைக் குறித்து, மற்றப் பின்னங்களை அதில் எங்கே வைப்பது என்பதிலிருந்து தொடங்குங்கள். விடையாகிய 5/6 அதன் பிறகு தானாக வரும்.

இரண்டாவது, படித்துப் புரிந்துகொள்ளுதல். கதையைச் சரளமாக வாசிக்கும் பிள்ளை, அறிவியல் பாடத்தின் ஒரு பத்தியை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, அதில் சொன்னதைத் தன் சொற்களில் இரண்டு வாக்கியங்களில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். கேள்வி-பதிலை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இந்த இடத்தில்தான் முதலில் சறுக்குகிறார்கள்.

உறக்கம் பற்றிச் சுருக்கமாக: 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரம் என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. எந்தப் பயிற்சி வகுப்பானாலும் அது இந்த நேரத்தைத் தின்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பிள்ளையின் அச்சங்கள் உங்கள் அச்சங்களிலிருந்து வேறானவை. மதிப்பெண், போட்டி, எதிர்காலம் என்று நீங்கள் கவலைப்படும்போது, கழிப்பறை எங்கே இருக்கும், பெரிய வகுப்பு மாணவர்கள் கேலி செய்வார்களா, மதிய இடைவேளையில் யாரோடு உட்கார்வது, இப்போதைய தோழி வேறு பிரிவுக்குப் போய்விடுவாளா என்பவற்றைப் பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும். இவற்றில் முதலாவதற்கு எளிய தீர்வு உண்டு. புதிய பள்ளியை முன்பே ஒருமுறை சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மற்றவற்றுக்கு ஓர் ஆய்வு வழிகாட்டுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 11 நடுநிலைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம், முந்தைய ஆண்டு மாணவர்களும் இதே பயத்தோடுதான் வந்தார்கள், நாளாக நாளாக அது தணிந்தது என்பதை வாசிக்கச் செய்து, அதைப் பற்றி எழுதவும் வைத்தார்கள். அந்தச் சிறு பயிற்சியைச் செய்தவர்களிடம் மற்றவர்களைவிட வருகை மேம்பட்டது, தோல்வி மதிப்பெண்களும் ஒழுங்குப் புகார்களும் குறைந்தன என்று ஜெஃப்ரி போர்மனும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்டார்கள். ஆகவே, “பயப்படாதே” என்று நீங்கள் பத்து முறை சொல்வதைவிட, ஒரு வகுப்பு மூத்த அண்ணனையோ அக்காவையோ அரை மணி நேரம் பேசவிடுவது பயன்தரும்.

பெற்றோரும் ஒன்றுக்குத் தயாராக வேண்டும். புதிய வகுப்பின் முதல் தேர்வில் பல பிள்ளைகளுக்கு மதிப்பெண் இறங்கும். தன் விருப்பப்படி நடக்க ஆசைப்படும் வயதில், கட்டுப்பாடு கூடிய, ஆசிரியரோடு நெருக்கம் குறைந்த இடத்துக்குப் பிள்ளை வருவதே ஆர்வம் சரிவதற்கு ஒரு காரணம் என்று உளவியலாளர் ஜாக்குலின் எக்கல்ஸ் விளக்கியிருக்கிறார். அந்த முதல் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு அவசரமாக டியூஷனில் சேர்ப்பதற்கு முன், விடைத்தாளை வாங்கி, தெரியாமல் விட்டது எது, தெரிந்தும் நேரமில்லாமல் விட்டது எது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள்.

அடுத்த முறை என்னைச் சந்திக்க வரும்போது மதிப்பெண் பட்டியல் கொண்டுவர வேண்டாம். பிள்ளை தானே எழுதிய ஒரு வாரத்து நாட்குறிப்பும், அந்தப் பின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்த தாளும் போதும். நான் கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளை பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும், நீங்கள் இடையில் எடுத்துக்கொடுக்காமல் இருங்கள்.