மஞ்சள் கோட்டை எறும்பு தாண்டுமா? மூன்று வாரத்தில் செய்ய ஒரு ப்ராஜெக்ட்

எட்டாவது படிக்கும் மகளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி, எறும்பு பற்றித்தான் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், கண்ணாடித் தொட்டியில் மண் போட்டு எறும்பு வளர்த்துக் காட்டினால் போதுமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

தொட்டி வேண்டாங்க. தோட்டத்தில் அள்ளி வரும் எறும்புகளோடு ராணி வருவது அபூர்வம், ராணி இல்லாவிட்டால் புதிய வேலைக்கார எறும்புகள் பிறக்காது, இருப்பவை ஒவ்வொன்றாகச் சாவதைத்தான் பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பாள். அதைவிட, ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சர்க்கரை டப்பாவைச் சுற்றி மஞ்சள் தூள் போடுகிறோமே, அது உண்மையிலேயே எறும்பைத் தடுக்கிறதா?

வீட்டுச் சுவரோரம் சாரை போகும் சித்தெறும்போ பிள்ளையார் எறும்போ போதும். முசுறு, கட்டெறும்பு பக்கம் போக வேண்டாம், கடித்துவிடும். மூன்று வெள்ளைத் தாள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சொட்டு வெல்லப்பாகு. முதல் தாளில் பாகைச் சுற்றி எதுவும் இல்லை. இரண்டாவதில் விரல் அகலத்துக்கு மஞ்சள் தூள் வட்டம். மூன்றாவதில் அதே அகலத்துக்குக் கோலப்பொடி வட்டம். இந்த மூன்றாவது தாள்தான் ப்ராஜெக்டின் உயிர், ஏனென்றால் மஞ்சளின் வாசனை தடுக்கிறதா, இல்லை காலில் ஒட்டும் எந்தப் பொடியும் தடுக்குமா என்று அது இல்லாமல் பிரித்துச் சொல்லவே முடியாது. கோலப்பொடி கல்மாவாக இருக்க வேண்டும். அரிசி மாவு போட்டால் எறும்பு அதையே தூக்கிக்கொண்டு போய்விடும்!

தாள்களைச் சாரையிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, முதல் எறும்பு பாகைத் தொட எத்தனை நிமிடம் ஆனது, அரை மணி நேரம் கழித்து வட்டத்துக்குள் எத்தனை எறும்பு என்று இரண்டையும் நோட்டில் எழுதட்டும். மொபைலில் படம் எடுத்து அப்புறம் எண்ணுவது சுலபம். தினமும் ஒரே நேரத்தில் செய்யட்டும், உச்சிவெயிலில் வேண்டாம்.

இப்போது பலரும் தவறவிடும் இடம். ஒரு தாளில் அறுபது எறும்பு இருந்தால் அது அறுபது சான்று இல்லை, ஒரே சான்றுதான். முதலில் பாகைக் கண்ட எறும்பு திரும்பும்போது தரையில் வாசனைத் தடம் வைத்துக்கொண்டே போகிறது, மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. 1990-இல் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஆய்வாளர் ழான்-லூயி தெனுபூரின் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. அர்ஜென்டினா எறும்புகளுக்கு முன்னால் ஒரே நீளத்தில் இரண்டு பாதைகள் வைத்தார்கள். இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு பாதையிலேயே போக ஆரம்பித்தன. அதாவது மஞ்சளே இல்லாவிட்டாலும் உங்கள் மூன்று தாள்களில் ஒன்றில் மட்டும் கூட்டம் சேரலாம்! அதனால் குறைந்தது எட்டு பத்து நாள் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், தினமும் புதுத் தாள், தினமும் இடம் மாற்றி. பழைய தாளில் நேற்றைய தடம் இருக்கும்.

எண்ணிக்கையோடு நிறுத்த வேண்டாம், ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுங்கள். பொடி ஓரத்தில் எறும்பு நின்று, உணர்கொம்பால் தொட்டுப் பார்த்து, பின்வாங்கி, அந்தக் கொம்பை முன்னங்காலுக்குள் இழுத்து இழுத்துத் துடைக்கும். அந்தக் காலில் சீப்பு மாதிரி ஒரு அமைப்பு அதற்காகவே இருக்கிறது. இதைப் பிள்ளை தன் கையால் வரைந்து சார்ட்டில் ஒட்டினால், நெட்டில் எடுத்த பத்துப் படத்தைவிட மேல்.

மஞ்சளைத் தாண்டிப் போய்விட்டால்? அதையே எழுதட்டும், தயவுசெய்து யாரும் எண்களைத் திருத்தாதீர்கள். திருத்தாத நோட்டையும் மேசை மேல் வைக்கச் சொல்லுங்கள், நடுவராகப் போனால் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.

தினமும் முடித்ததும் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சாரை அடுப்படிக்கு வந்துவிடும்.