வெயிலைவிடத் தூரம்தான் கஷ்டம்: பலோதியில் ஐந்து வருடங்கள்

கேள்வி: ராஜஸ்தானில் ஒரு சின்னப் பாலைவன ஊரில் சோலார் வேலை கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு போய் இருக்க முடியுமா? வெயிலைத் தாங்க முடியுமா?

முடியும். நாங்கள் இருந்தோம். 2017 முதல் 2022 வரை நான், மனைவி, சின்ன மகள் மூவரும் பலோதியில் குடியிருந்தோம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் ரயில் பாதையில் இருக்கிற ஊர் அது. அப்போது ஜோத்பூர் மாவட்டத்தில் இருந்தது, 2023-ல் தனி மாவட்டமாகிவிட்டது. எனக்கு வேலை பட்லா சோலார் பூங்காவில். நீங்கள் வெயிலைப் பற்றிக் கேட்டிருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கே கஷ்டம் வெயிலில் இல்லை.

2016 மே 19 அன்று பலோதியில் 51 டிகிரி பதிவானது. இந்தியாவில் பதிவானதிலேயே அதுதான் உச்சம். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த நாளைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். மே, ஜூனில் 45 டிகிரி அங்கே சாதாரணம். மதியம் 'லூ' அடிக்கும். அடுப்பு வாயில் முகத்தைக் காட்டியது போன்ற காற்று அது. ஆனால் நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊரில் 38 டிகிரிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். பலோதியில் வியர்த்ததே தெரியாது, வந்த உடனே காய்ந்துவிடும். நிழலில் நின்றால் உடம்பு ஆறிவிடும். காற்றில் ஈரமே இல்லாததால் ஏர்கூலர் அங்கே உண்மையிலேயே குளிரவைக்கும். ஒரு தகரப் பெட்டி, பக்கவாட்டில் வெட்டிவேர்த் தட்டி, உள்ளே சின்ன மோட்டார். அவ்வளவுதான். தட்டி நனைந்து முதல் காற்று வரும்போது வீடு முழுக்க வெட்டிவேர் மணக்கும். இதே கூலரைத் தூத்துக்குடியில் வைத்தால் புழுக்கம்தான் கூடும்.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் பகல் பதினோரு மணிக்கு மேல் கை வைக்க முடியாது. அதனால் முந்தின இரவே குளியலறையில் ஒரு டிரம் நிறையப் பிடித்து வைத்துவிட வேண்டும். வெளி வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் இரண்டாவது வாரத்திலேயே பழகிவிடும்.

ஆந்தி என்கிற புழுதிப் புயல் மட்டும் எனக்குக் கடைசிவரை பழகவில்லை. மேற்கு வானம் மஞ்சளாகும், அப்புறம் செங்கல் நிறமாகும், பத்து நிமிடத்தில் எதிர் வீடு தெரியாது. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாலும் சோறு பல்லில் நறநறக்கும். வேலையிலும் அதே பாடுதான். பட்லாவில் ஏறத்தாழ 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட்டுக்கான சோலார் பலகைகள் இருக்கின்றன. ஒரு ஆந்தி போனால் அத்தனையிலும் மண் படியும். கழுவுவதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏது? இரவில் ரோபோக்கள்தான் தண்ணீரில்லாமல் துடைத்துக்கொண்டு போகும். இன்னொன்று, வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். பலகை சூடானால் உற்பத்தி குறையும். எங்களுக்கு மே மாதத்தைவிட மார்ச்தான் நல்ல மாதம்.

சரி, கஷ்டம் எங்கே என்றால், தூரத்தில்.

போன முதல் ஜூன் மாதத்தில் ஒரு நாள் நள்ளிரவு இரண்டு மணிக்கு எனக்கு இடுப்பில் வலி வந்தது. தரையில் உருண்டேன். சிறுநீரகக் கல். வியர்வை தெரியாததால் தாகமும் தெரியாமல், நாள் முழுக்க இரண்டு பாட்டில் தண்ணீரோடு சைட்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஊரில் போன இடத்தில் ஸ்கேன் எடுக்க ஆள் இல்லை, ஜோத்பூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஜோத்பூர் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பக்கத்து வீட்டுப் பெரியவரை நாங்கள் 'காகோசா' என்று கூப்பிடுவோம், சித்தப்பா மாதிரி. எழுபதை நெருங்கியவர். மகனை எழுப்பி ஜீப்பை எடுக்கச் சொன்னார், தானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். இருட்டுக்குள் நேராக ஓடும் ரோடு. நடுவில் ஒட்டகம் குறுக்கே வரும் என்று மகன் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போனது. காகோசா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கால் லிட்டர் சொம்பிலிருந்து ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தார். அந்த மடியில் பீடி வாசனையும் கடுகெண்ணெய் வாசனையும் இருந்தது.

அப்படிப்பட்ட ஊர்களில் தூரம் எல்லாவற்றிலும் வந்து நிற்கும். குழந்தைக்குக் கண் டாக்டர், ஃபிரிட்ஜுக்கு ஒரு உதிரி பாகம், எதுவானாலும் ஜோத்பூர். ஊருக்குப் போவதற்கு ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டியிலிருந்து மன்னார்குடிக்கு வாரம் ஒரு ரயில். அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று போன் வந்த அன்று அந்த ரயில் இல்லை. நான் போய்ச் சேர மூன்று நாள் ஆனது. நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார். வயதான பெற்றோர் ஊரில் தனியாக இருந்தால் இதை நன்றாக யோசித்துவிட்டு முடிவெடுங்கள். மற்ற எதையும்விட இது முக்கியம்.

தண்ணீரும் தூரத்திலிருந்துதான் வருகிறது. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் சேரும் ஹரிகேயில் புறப்படுகிற இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் அது. வருடா வருடம் கோடைத் தொடக்கத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயை வாரக்கணக்கில் மூடுவார்கள். அதற்குப் பெயர் நஹர்பந்தி. அந்த நாட்களில் எங்கள் தெருவுக்கு ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் வரும். லாரித் தண்ணீர் வாங்கினால் உப்புக் கரிக்கும். காகோசாவின் பழைய வீட்டு முற்றத்துக்கு அடியில் சுண்ணாம்பு பூசிய ஒரு 'டாங்கா' இருந்தது. மழைக்காலத்துக்கு முன் மாடியைக் கூட்டிக் கழுவி வைப்பார்கள். மாடியில் விழும் மழை முழுக்க அந்தத் தொட்டிக்குள் இறங்கும். மூடியைத் திறந்தால் குளிர்ந்த மண் வாசனை மேலே வரும். அந்தத் தண்ணீர் குடிக்கவும் டீக்கும் பருப்பு வேகவைக்கவும் மட்டும். நஹர்பந்தி சமயத்தில் தினம் காலையில் ஒரு குடம் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். ஒரு நாள் என் மனைவி அதில் கை கழுவியதைக் காகோசாவின் மனைவி காகி பார்த்துவிட்டார். திட்டவில்லை. கழுவிய தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்துத் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் தரையில் விழுந்ததில்லை. இப்போது தூத்துக்குடியிலும் அப்படித்தான்.

கடலே இல்லாத அந்த ஊரைச் சுற்றி உப்பளங்கள் இருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பாத்தி கட்டிக் காயவைக்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் முதல் நாள் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். சாப்பாடும் நமக்கு அந்நியமில்லை. கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சும் 'ராப்' நம் கம்பங்கூழுக்கு அக்கா தங்கை முறை. அவர்கள் கேஜ்ரி என்று கும்பிடும் மரம் நம் கோயில்களில் இருக்கும் வன்னிதான். அதன் காயைக் காயவைத்துச் செய்யும் சாங்கிரிக் கறிக்கு என் மகள் இன்றும் ஏங்குகிறாள். இட்லி மாவு மட்டும் பாடாய்ப் படுத்தும். ஜூனில் நான்கு மணி நேரத்தில் புளித்துப் பொங்கி வழியும், ஜனவரியில் கம்பளி போர்த்தினாலும் அசையாது.

பலோதியிலிருந்து சில கிலோமீட்டரில் கீச்சன் என்ற கிராமம் இருக்கிறது. மங்கோலியா பக்கமிருந்து குர்ஜா என்கிற கொக்கு இனப் பறவைகள் அங்கே வரும். சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து, கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் குஞ்சம். 1970களில் ரத்தன்லால் மாலூ என்பவர் தினமும் தானியம் போட ஆரம்பித்தார், கிராமமே அதை எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும். நாங்கள் குளிர்கால ஞாயிறுகளில் சால்வை போர்த்திக்கொண்டு ஒரு மொட்டை மாடியில் உட்காருவோம். விடிந்ததும் வரிசை வரிசையாக வந்து தலைக்கு மேலே சுற்றும். ஆயிரக்கணக்கில் சேர்ந்து எழுப்பும் அந்தக் 'குர்ர்' சத்தம் நெஞ்சுக்கூட்டில் அதிரும். 2025-ல் கீச்சன் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட செய்தியைப் படித்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம்.

மின்கம்பியில் அடிபட்டு விழுந்த குர்ஜாவையும் பார்த்திருக்கிறேன். ஜெய்சல்மேர் பக்கம், அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் என்ற பெரிய பறவைகளும் இப்படித்தான் சாகின்றன. உச்ச நீதிமன்றம் 2021-ல் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தியது. அந்தக் கம்பிகளில் ஓடும் மின்சாரத்தை உண்டாக்கும் வேலையில் இருந்தவன் நான். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. நீங்களும் அதே வேலைக்குப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

போவதென்றால் அக்டோபரில் போங்கள், ஏப்ரலில் சேரச் சொன்னால் தேதி மாற்றித் தரக் கேளுங்கள். ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஜனவரி இரவில் ஐந்து டிகிரிக்குக் கீழே போகும். தாகம் இல்லாவிட்டாலும் ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடியுங்கள். வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால் டாங்கா இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், டாங்கா இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறுங்கள்.