வெயில் காயும் பாலைவன ஊரா, குளிரும் மழையுமான மலை ஊரா: எங்கே குடியிருக்க விரும்புவீர்கள்? ஏன்?

எனக்கு மழையும் குளிரும் உள்ள ஊர்தான் வேண்டும். இரண்டு விதமான ஊரிலும் குடித்தனம் நடத்தியவள் என்பதால் தயங்காமல் சொல்கிறேன். பிறந்து வளர்ந்தது சேலம் அம்மாப்பேட்டை. கல்யாணம் ஆனபோது வீட்டுக்காரருக்கு வேலை அமீரகத்தில், அல் ஐன் நகரத்தில். அங்கே சில வருடம் இருந்தோம். இப்போது சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில், அவருடைய பூர்வீகக் காப்பிக் காட்டை ஒட்டி எங்கள் வீடு.

மழையை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரசித்து வளர்ந்தவள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். எங்களுடையது தறி வீடு. தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்கிற குழித்தறி வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தாலே வயிற்றைக் கலக்கும். தரையடியில் ஈரம் ஊறி ஊறி தறிக்குழிக்குள் தண்ணீர் நின்றுவிடும். மிதியில் கால் வைக்க முடியாது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவை நீட்டுவது விடியற்காலையில், தெருவில். பருத்திப் பாவு என்றால் கஞ்சி போட்டு, இழை ஒட்டாமல் பிரித்துக் காயவைக்க வேண்டும். நடுவில் ஒரு தூறல் விழுந்தால் அத்தனை பேர் உழைப்பும் பாழ். "மாமா, இன்னிக்குப் பாவு நீட்டாதீங்க, மலை கறுத்துக் கெடக்குது" என்று பக்கத்து வீட்டு அண்ணன் குரல் கொடுப்பார். அப்பா வாசலில் வந்து நின்று சேர்வராயன் மலையைப் பார்ப்பார். மழை நாளில் கூலி கிடையாது; அதைப் பார்த்தே வளர்ந்தேன்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தும் மழை ஊரைக் கேட்கிறேன் என்றால், பாலைவன வெக்கை எப்படிப்பட்டது என்று கிட்டத்தில் இருந்து பார்த்ததுதான் காரணம். குளிரையும் ஈரத்தையும் வீட்டில் இருப்பதை வைத்து ஓரளவு சமாளித்துவிடலாம். அந்த வெக்கையைக் கரண்டும் காசும் இல்லாமல் சமாளிக்கவே முடியாது.

அல் ஐன் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. துபாய், அபுதாபி அளவுக்குப் புழுக்கம் கிடையாது, வறண்ட வெயில். ஜூலையில் 45 டிகிரி என்று சொன்னால் அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று அதைவிட ரொம்பவே சூடாகிவிட்டால் ஃபேன் காற்று உடம்பை ஆற்றாது, இன்னும் சூட்டைத்தான் ஏற்றும். வியர்வை ஆவியாவது ஒன்றுதான் அப்போது உடம்பைக் காப்பாற்றுகிறது. அந்த வியர்வைக்கு ஈடாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாங்கள் இருந்தது மாடிக் குடியிருப்பு, தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில். மே மாதம் பிறந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே கை சுடும். அங்கே குடித்தனம் செய்யும் நம்மூர்ப் பெண்களுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். கோடை தொடங்கியதும் கீசர் சுவிட்சை அணைத்துவிடுவோம். கீசர் வீட்டுக்குள்ளே, ஏசியின் குளிர்ச்சி படுகிற இடத்தில் இருப்பதால், அதில் தேங்கிய தண்ணீர் ராத்திரி முழுக்க ஆறிக் கிடக்கும். காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரைப் பிடித்துத்தான் குழந்தையைக் குளிப்பாட்டுவேன். பக்கெட் பாதி நிறைவதற்குள் மாடித் தண்ணீர் கலந்து மறுபடி சூடு ஏறிவிடும். அதனால் அவசர அவசரமாகக் குளியலை முடிக்க வேண்டும்.

வீட்டுக்காரர் கட்டட வேலையில் சைட் மேற்பார்வை பார்த்தார். கோடையில் விடிகிறதுக்கு முன்னால் 4 மணிக்கே கிளம்பிவிடுவார். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம், பல உயிரைக் காப்பாற்றுகிற சட்டம். ஆனால் 11 மணி வெயிலும் 3.30 மணி வெயிலும் லேசானவை இல்லையே. அவர் திரும்பி வரும்போது சட்டையின் முதுகில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளை வெள்ளையாக, அலை அலையாகப் படிந்திருக்கும். அவராவது மேற்பார்வை. கம்பி கட்டுகிறவர்கள், பலகை அடிக்கிறவர்கள் நாள் முழுக்க அதிலேயே நிற்கிறார்கள். வெயிலில் கிடந்த கம்பியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. தமிழ்நாடு, ஆந்திரா, பீகார், வங்கதேசம், பாகிஸ்தான் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த பிள்ளைகள். அதே ஊரில், அதே மத்தியானத்தில், நான் ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காசு இருக்கிறவனுக்கு 24 டிகிரி, இல்லாதவனுக்கு 45. இதை நினைத்து நினைத்து எனக்கு ஆறவே இல்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த ஊரைக் குறை சொல்லிக்கொண்டே போக மாட்டேன். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை அவ்வளவு அருமையாக இருக்கும். சாயங்காலம் பூங்காவில் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடுவோம். கூழ் காய்ச்சி பால்கனியில் வடாம் ஊற்றினால் ஒரே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். அல் ஐன் பேரீச்சந்தோப்புக்குள் நடந்தால் வெளியில் இருப்பதைவிடக் குளிர்ச்சி நன்றாகவே தெரியும். தரைக்கு அடியில் கால்வாய் வெட்டி, நிலத்தடி நீரைச் சரிவிலேயே ஓடவிட்டுத் தோப்புக்குக் கொண்டுவரும் ஃபலஜ் என்ற முறை அந்தப் பக்கத்தில் சுமார் 3,000 வருடமாக இருக்கிறது. அந்தத் தோப்புகளும் பழைய கட்டடங்களும் 2011 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. அந்த மண்ணின் பழைய மனிதர்கள் நிழலின் அருமையை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றும்.

அந்த ஊரை ஒட்டி ஜெபல் ஹஃபீத் என்று ஒரு மலை இருக்கிறது. 1,200 மீட்டருக்கு மேல் உயரம். முதல் முறை அதன் மேல் ஏறியபோது என்னையறியாமல் ஏற்காட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கீழே ஒரு நகரம், மேலே ஒரு மலை, வளைந்து வளைந்து ஏறும் பாதை, ராத்திரியில் மேலிருந்து பார்த்தால் ஊர் விளக்குகள். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற பாறை முனையிலிருந்து சேலத்தைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். ஆனால் கண்ணுக்கு எட்டிய வரை மொட்டைப் பாறை, பேருக்கு ஒரு மரம் இல்லை. அரேபிய வானத்தில் வருடத்தின் பெரும்பகுதி காற்று மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. இறங்கும் காற்று சூடேறி வறண்டு போகும், மேகம் கட்டாது. நம் சேர்வராயன் மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அது போதாதென்று சேலத்துச் சமவெளி காய்ந்து எழும் காற்று மலையில் முட்டி மேலே ஏறி, கோடை மத்தியானங்களில் இடியோடு ஒரு மழையைக் கொட்டிவிட்டுப் போகும்.

உயரமும் நமக்குச் சாதகம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி சேலத்துக்கும் எங்களுக்கும் 8 டிகிரி வித்தியாசம். மே மாதம் கீழே 40 டிகிரியைத் தாண்டும்போது இங்கே 30ஐ ஒட்டி நிற்கும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. மூங்கில் தாண்டி சில்வர் ஓக் மரங்கள் தெரியத் தொடங்கும்போது பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலைத் திறப்பார்கள். அதே பஸ் கீழே இறங்கும்போது, அனல் அடிக்கிறது என்று ஒவ்வொருவராகத் திரையை இழுத்து விடுவார்கள்.

இங்கே மழை வருவதும் வராததும் எல்லோருடைய பேச்சிலும் இருக்கும், ஏனென்றால் பிழைப்பே அதில்தான். மாசி, பங்குனியில் காப்பிச் செடியைப் பார்த்தால் பாவமாக இருக்கும்: இலை தொங்கி, கணுவுக்குக் கணு பச்சை மொட்டு இறுகி நிற்கும். சில வாரக் காய்ச்சல் அந்த மொட்டுக்கு அவசியம். அதற்குப் பிறகு ஒரு நல்ல மழை, ஒரு அங்குலமாவது பெய்ய வேண்டும். இதைப் பூ மழை என்பார்கள். பெய்த ஒன்பதாவது, பத்தாவது நாள் காலையில் கதவைத் திறந்தால் தோட்டமே வெள்ளை. கொம்பு தெரியாமல் பூ. மல்லிகைக்குப் பக்கத்து வாசனை, ஆனால் இன்னும் கொஞ்சம் தேன் கலந்தது போல. தேனீ சத்தம் வீட்டுக்குள் வரை கேட்கும். மூன்று, நான்கு நாளில் பூ பழுத்து உதிர்ந்துவிடும். பெரிய எஸ்டேட்காரர்கள் மழை தவறினால் ஸ்பிரிங்ளர் போட்டு மொட்டை விரிய வைத்துவிடுவார்கள். எங்களைப் போலச் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களும், மலைக் கிராமங்களில் சாமையும் காப்பியும் சேர்த்துப் போடுகிற குடியானவர்களும் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். பூ மழை பெய்த அன்று அத்தை வாசலில் நின்று, "வந்துட்டியா சாமி, வா" என்று மழையைக் கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் அப்பா வாசலில் நின்று மலையைப் பார்த்ததும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் மழை சோற்றுப் பிரச்சினைதான்.

வெயில் கூடினால் காப்பிக்கும் ஆகாது. நிழல் குறைந்து செடியின் தண்டில் வெயில் படுகிற இடத்தில்தான் தண்டுத் துளைப்பான் வண்டு அதிகம் முட்டையிடும். உள்ளே துளைத்துப் போய்ச் செடியையே சாய்த்துவிடும். சில்வர் ஓக்கும் பலாவும் நிழலுக்கு நிற்பது அதனால்தான். அந்த மரங்களில் மிளகுக் கொடி ஏறும். கீழே விழுந்த இலை ஈரத்தைப் பிடித்து வைக்கும். இந்த மலையில் நிற்கிற ஈரம்தான் கீழே திருமணிமுத்தாறு, சரபங்கா என்ற ஆறுகளாக இறங்குகிறது. சேலத்தில் இருக்கும்போது இதை நான் யோசித்ததே கிடையாது.

மழை ஊரில் கஷ்டமும் நிறைய. ஐப்பசியில் துணி நான்கு நாளானாலும் காயாது. தோல் செருப்பு, பெல்ட் எல்லாம் பச்சை பூத்துவிடும். உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். மூட்டு வலிக்காரர்களுக்கும் வீசிங் உள்ளவர்களுக்கும் அவஸ்தை. கிளை முறிந்து விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காப்பிப் பழம் பறித்துக் களத்தில் கொட்டியிருக்கும் மார்கழியில் எதிர்பாராமல் மழை வந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வீடே ஓடும். காய்கிற பழம் நனைந்தால் பூஞ்சை பிடித்து விலை விழும். வடாம் போடுவதென்றால் இன்றைக்கும் அம்மாப்பேட்டையில் அண்ணி மொட்டை மாடியில்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அன்று ராத்திரி பயந்துதான் கிடந்தோம்.

ஆனால் அதே வருடம் ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பக்கத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அங்கே இரண்டு வருடத்துக்குப் பெய்கிற மழையைவிட அதிகம். பழைய பக்கத்து வீட்டு அக்கா அனுப்பிய வீடியோவில் தெருவே ஆறாக ஓடியது. அந்த மண்ணுக்கு மழையை வாங்கிப் பழக்கமில்லை. வடிகாலும் மரமும் அந்த அளவுக்கு இல்லை. வெயில் ஊருக்குப் போய்விட்டால் வெள்ளப் பயம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மார்கழி ராத்திரி இங்கே 13 டிகிரிக்கு வரும். வெட்டிப்போட்ட காப்பிக் கொம்பு நல்ல விறகு, நின்று எரியும். அடுப்பைச் சுற்றி அத்தை, நாங்கள், பிள்ளைகள், பக்கத்துக் கூலி வீட்டிலிருந்து வரும் பாட்டி எல்லோரும் உட்காருவோம். ஓட்டு வீட்டில் ஒழுகத்தான் செய்யும். கம்பளி இல்லாதவர்களுக்குக் குளிர் கொடுமைதான், அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கம்பளி கொடுக்கலாம், அடுப்பு ஓரம் இடம் விடலாம். அல் ஐன் மத்தியானத்தில் கம்பி கட்டுகிற பையனுக்கு நான் கொடுக்க முடிந்தது ஒரு பாட்டில் மோர் மட்டும்.

நீங்கள் நிஜமாகவே ஊர் மாறும் யோசனையில் கேட்டிருந்தால், மே மாதக் கோடை விழாவுக்கு வந்து பூக்கண்காட்சியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அக்டோபரில் வாருங்கள். ஏரிக்கரை ஓட்டலில் தங்காமல் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் ஒரு வாடகை வீட்டில் பத்துப் பதினைந்து நாள் சமைத்துச் சாப்பிட்டு இருந்து பாருங்கள். வீடு பார்க்கும்போது சுவரின் அடிப்பக்கம் ஈரக்கறை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், காலை வெயில் படுகிற வாசலாக எடுங்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.